1924-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியை: மணி அடித்த பிறகு என்னென்ன வேலை?

நாடகக்கொட்டகை கேட்டது:

வணக்கம். 1924-ஐக் காலமாக வைத்து ஒரு மேடை நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளி. நாயகி ஆங்கிலமும் லத்தீனும் நடத்தும் ஆசிரியை. மணமாகாதவர், முப்பதைத் தாண்டியவர். வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பது ஓரளவு கிடைத்துவிட்டது. பள்ளி விட்ட பிறகு அவருடைய பொழுது எப்படிப் போயிருக்கும் என்பதுதான் பிடிபடவில்லை. விளையாட்டு, நாடகம், ஆண்டு மலர், விவாதப் போட்டி, சங்கங்கள் எல்லாமே ஆசிரியர்கள் தலையில் இருந்தன என்று மட்டும் தெரியும்.

இந்த வேலைகள் அவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தன? விரும்பிச் செய்தார்களா? பணம் யார் கையில் புழங்கியது? தனிச் சம்பளம் உண்டா? எங்கே, எதனால் சிக்கல் வரும்? மேடையில் காட்டும் அளவுக்கு நுணுக்கமாக வேண்டும். ‘ஆசிரியர்கள் அர்ப்பணிப்போடு உழைத்தார்கள்’ என்ற பொதுப்பேச்சு எனக்குப் போதாது.

---

பழைய ரிஜிஸ்டர் பதில்:

நல்ல கேள்வி. முதலில் ஒன்று: இவற்றில் பெரும்பாலானவை ஆசிரியர்கள் தொடங்கிய வேலைகளே அல்ல. 1890களில் பள்ளியின் கால்பந்து அணி, பத்திரிகை, விவாதக் கழகம் எல்லாவற்றையும் மாணவர்களே நடத்தினார்கள். (கால்பந்து என்று நான் சொல்வது அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து.) அணியின் மேலாளர் ஒரு மாணவர். எதிரணிக்குக் கடிதம் போடுவதும், மைதானம் பிடிப்பதும், வாசலில் காசு வாங்குவதும் அவர்தான். அந்தப் பள்ளியில் படிக்காத ஆட்கள் பள்ளி பெயரில் ஆடினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவரே உடுப்பை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கியதும் உண்டு.

இது நீடிக்கவில்லை. 1905 பருவத்தில் மட்டும் கால்பந்தில் 18 பேர் இறந்தார்கள் என்று சிகாகோ பத்திரிகை ஒன்று கணக்கெடுத்து வெளியிட்டது. அதில் பலர் பள்ளிப் பையன்கள். இன்னொரு பக்கம், கல்லூரிகளைப் பார்த்து உயர்நிலைப் பள்ளிகளிலும் கிரேக்க எழுத்துப் பெயரோடு ரகசிய சங்கங்கள் முளைத்திருந்தன. அவற்றின் உறுப்பினர்கள் பள்ளி சார்பாக விளையாடவோ போட்டிகளில் பேசவோ கூடாது என்று சிகாகோ கல்வி வாரியம் விதி போட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-இல் வாரியத்தின் பக்கம் தீர்ப்பானது. பிள்ளைகள் கூடுவதைத் தடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் கூட வேறு இடம் தர வேண்டும் என்று பள்ளிகள் உணர்ந்தது அப்போதுதான். அந்த இடத்துக்கு ஒரு பெரியவர் பொறுப்பாக நிற்க வேண்டும். அந்தப் பெரியவர்தான் உங்கள் ஆசிரியை.

மாணவர் எண்ணிக்கையையும் பாருங்கள். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 1900-இல் சுமார் 5.2 லட்சம் பேர். 1920-இல் 22 லட்சம். 1930-இல் 44 லட்சம். கல்லூரிக்குப் போகாத பெரும்பான்மையை லத்தீனும் இயற்கணிதமும் மட்டும் பள்ளியில் தக்கவைக்காது. 1918-இல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த ஆணையம், உயர்நிலைக் கல்விக்கு ஏழு நோக்கங்களை வகுத்தது. அதில் குடிமைப் பொறுப்பும் ஓய்வு நேரத்தை நல்லபடி செலவிடுவதும் இருந்தன. அதுவரை ‘பாடத்துக்கு வெளியே’ என்று ஒதுக்கப்பட்டதெல்லாம் அதன் பிறகு பள்ளியின் கடமை ஆகிவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் எல்பர்ட் ஃபிரெட்வெல் இதையே ஒரு பாடமாக நடத்தினார். 1926-இல் தேசியக் கல்வி ஆய்வுக் கழகம் தன் ஆண்டுத் தொகுதியின் ஒரு பாகத்தை முழுக்க இதற்கே ஒதுக்கியது.

ஆக, விரும்பிச் செய்தார்களா என்றால், செய்தவர்களும் உண்டு. ஆனால் மறுக்கும் உரிமை அநேகமாக இல்லை. நான்கைந்து ஆசிரியர்களே உள்ள பள்ளியில் ஒவ்வொரு சங்கத்துக்கும், ஒவ்வொரு ஆண்டு வகுப்புக்கும் ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும் என்று விதி வைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்? உங்கள் நாயகிக்குக் குறைந்தபட்சம் இவை இருக்கும்: காலையில் வருகை எடுக்கும் ஹோம் ரூம், இறுதியாண்டு வகுப்பின் பொறுப்பு, அந்த வகுப்பின் நாடகம், லத்தீன் சங்கம், ஆண்டு மலர் அல்லது பள்ளிப் பத்திரிகை. வெள்ளிக்கிழமை நடன மாலையில் மேற்பார்வைக்கு நிற்பது தனி.

---

கணக்கர் மேசை பதில்:

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மேடைக்கு நல்ல காட்சி இதில்தான் இருக்கிறது.

பழைய முறையில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு மாணவப் பொருளாளர் இருப்பார். பணம் அவர் சட்டைப் பையிலோ ஆசிரியையின் மேசை இழுப்பறையிலோ கிடக்கும். ரசீது இருக்காது. ஆண்டு முடிவில் பொருளாளர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். கடைக்காரர் பாக்கிச் சீட்டோடு பள்ளி வாசலில் நிற்பார். மாணவர் வாங்கிய சரக்குக்குக் கல்வி வாரியம் பொறுப்பேற்காது. கடைசியில் பொறுப்பாசிரியர் தன் கையிலிருந்து கொடுத்துத் தீர்ப்பார்.

இதற்கு மாற்றாக 1910களின் பிற்பகுதியிலிருந்து பரவியது பொதுப் பொருளாளர் முறை. பள்ளிக்கு ஒரே வங்கிக் கணக்கு. பேரேட்டில் ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிப் பக்கம். பெரும்பாலும் வணிகப் பாடம் நடத்தும் ஆசிரியர் பொருளாளராக இருப்பார். செலவு செய்ய வேண்டுமென்றால் சங்கம் கூடித் தீர்மானம் போட வேண்டும். கோரிக்கைச் சீட்டை இரண்டு பிரதி எழுதி, சங்கத் தலைவரும் பொறுப்பாசிரியரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பு இருக்கிறதா என்று பொருளாளர் பார்த்த பிறகுதான் பொருளுக்கு ஆர்டர் போகும். பில் வந்ததும் காசோலை. காசோலை எண்ணைச் சீட்டில் குறித்து பில்லோடு சேர்த்துக் கோப்பில் போடுவார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு சங்கத்துக்கும் இருப்புக் கணக்கு. ‘கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் மாணவர் கேட்டால் சரக்கு கொடுக்காதீர்கள்’ என்று ஊர்க் கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பும் போய்விடும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்ட பள்ளிகளில் மற்றதெல்லாம் இருந்தும் கடன் வந்தது.

டிக்கெட் கணக்கு எப்படி என்பதைப் பாருங்கள். நாடகத்துக்கு 1 முதல் 400 வரை எண் அச்சிட்ட டிக்கெட், விலை 35 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். விற்கப் போகும் மாணவருக்கு 101 முதல் 125 வரை கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். திரும்பி வரும்போது 118 முதல் 125 வரை கையில் இருந்தால் விற்றது 17. பணம் 5 டாலர் 95 சென்ட் இருக்க வேண்டும். குறைந்தால் அன்றே கேட்க வேண்டும், மறுநாள் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. டிக்கெட்டில் எண் இல்லையென்றால் இந்தக் கணக்கே போட முடியாது. செலவைக் குறைக்கிறேன் என்று எண்ணில்லாத டிக்கெட் அச்சடிப்பதுதான் மிகச் சாதாரணமாக நடந்த தவறு. வாசலில் விற்பவரும் கிழித்து வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கவும் கூடாது. இருந்தால் ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டைக் கிழிக்காமல் இரண்டாம் முறை விற்றுவிடலாம்.

இன்னொரு ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆண்டுச் சீட்டு. விளையாட்டு, நாடகம், விவாதம், பத்திரிகை அனைத்தும் அதில் அடங்கும். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தவணை வைப்பார்கள். வாரம் 10 சென்ட் என்றால் 36 வாரப் பள்ளி ஆண்டில் 3 டாலர் 60 சென்ட். வசூல் ஹோம் ரூமில் நடக்கும். அதாவது ஒவ்வொரு வாரமும் 30, 35 பிள்ளைகளிடம் பத்து பத்து சென்ட் வாங்கி, அட்டையில் துளையிட்டு, பொருளாளரிடம் சேர்ப்பது மறுபடியும் ஆசிரியையின் வேலைதான். சேரும் பணத்தில் கால்பந்துக்கு எத்தனை பங்கு, லத்தீன் சங்கத்துக்கு எத்தனை பங்கு என்று ஆண்டு தொடங்குமுன் எழுத்தில் பிரித்துவைக்காவிட்டால், பிறகு பயிற்சியாளரோடு சண்டை நிச்சயம்.

உங்கள் நாயகி முப்பதைத் தாண்டியவர் என்றால் 1918-இலும் ஆசிரியையாக இருந்திருப்பார். போர்க்காலச் சேமிப்பு முத்திரைகளை வகுப்பில் விற்றது அவர் நினைவில் இருக்கும். 25 சென்ட் சிக்கன முத்திரை 16 ஒட்டினால் அட்டை நிறையும், 4 டாலர். 1918 ஜனவரியில் அதோடு 12 சென்ட் சேர்த்துக் கொடுத்தால் ஒரு போர்ச் சேமிப்பு முத்திரை. மாதத்துக்கு ஒரு சென்ட் கூடி டிசம்பரில் 23 சென்ட் ஆனது. 1923 ஜனவரி 1-இல் அதற்கு அரசு 5 டாலர் திருப்பித் தந்தது. சென்ட் கணக்கில் ஆசிரியர்களுக்குக் கை பழகியது இப்படித்தான்.

---

அச்சுக்கோப்பு பதில்:

ஆண்டு மலரைப் பற்றி. அன்றைய பொறுப்பாசிரியர்களை அதிகம் கடனில் தள்ளியது இதுதான். கட்டுரை எழுத வைப்பதோ திருத்துவதோ ஆங்கில ஆசிரியைக்கு ஒரு பொருட்டில்லை. அச்சகத்தின் கணக்கு புரியாமல் போவதில்தான் சிக்கல்.

இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கும்: பிளாக் (படம் அச்சிட உதவும் உலோக அச்சுத் தகடு) செய்பவரோடு ஒன்று, அச்சகத்தாரோடு ஒன்று. புகைப்படத்தைச் சிறு புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் பிளாக்குக்குக் கூலி சதுர அங்குலக் கணக்கு. அதோடு ‘குறைந்தபட்சக் கட்டணம்’ என்று ஒன்று உண்டு. எனவே முழுப் பக்கப் படம் விலை அதிகம் என்பது தெரிந்ததே. சின்னச் சின்னப் படங்களைத் தனித்தனியாகக் கொடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் விழும் என்பது பலருக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள், இறுதியாண்டு மாணவர்களின் முகப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே தலையளவில் எடுக்கச் சொல்லி, ஒரு பக்கத்துக்கு உரியதை ஒரே அட்டையில் ஒட்டி அனுப்புவார்கள். ஒரே நெகட்டிவில் ஒரே பிளாக்காக முடிந்துவிடும். ஒரு பையன் மட்டும் வேறு ஸ்டுடியோவில் வேறு அளவில் எடுத்து வந்தால் அந்தப் பக்கத்தின் செலவே மாறிவிடும்.

கோட்டுச் சித்திரத்துக்கு லைன் பிளாக், அது மலிவு. பிரிவுத் தலைப்புகளுக்கெல்லாம் மாணவர் வரைந்த மைச் சித்திரங்களைப் போட்டதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

அடுத்தது புள்ளித் திரை. மலர் ஆர்ட் பேப்பரில் அச்சாகும். அதற்கு 133 கோட்டுத் திரை, அதாவது அங்குலத்துக்கு 133 வரிசைப் புள்ளிகள். பள்ளிப் பத்திரிகை சாதாரணச் செய்தித்தாளில் அச்சாகும். அதற்கு 65 அல்லது 85 கோடு. பணம் மிச்சமாகட்டும் என்று மலருக்குச் செய்த பிளாக்கைப் பத்திரிகைக்குக் கொடுத்தால் புள்ளிகளின் இடைவெளியில் மை அடைத்து, முகம் கறுப்புத் திட்டாக வரும். பழி அச்சகத்தார் மேல் போகும். தவறு பிளாக்கைத் தேர்ந்தவருடையது.

கால அட்டவணை ஏறக்குறைய இப்படி: செப்டம்பர், அக்டோபரில் சந்தாவும் ஒப்பந்தங்களும். கிறிஸ்துமஸுக்குள் முகப் படங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பிளாக். மார்ச்சில் எழுத்துப் படி அச்சகத்துக்கு. ஏப்ரலில் கேலி புரூஃப் (பக்கமாகப் பிரிக்குமுன் எடுக்கும் நீளமான திருத்தப்படி), பிறகு பக்கப் புரூஃப். மே கடைசியில் புத்தகம் கையில். பக்கப் புரூஃபில் ஒரு பத்தியைச் சேர்த்தால் பின்னால் வரும் பக்கங்களெல்லாம் நகரும். அந்தத் திருத்தத்துக்கு அச்சகத்தார் மணிக் கணக்கில் தனிக் கூலி போடுவார். கேலியிலேயே திருத்தி முடித்துவிட வேண்டும்.

எத்தனை பிரதி அடிப்பது என்பதில் கறாராக இருக்க வேண்டும். ‘எப்படியும் விற்றுவிடும்’ என்று சந்தாவுக்கு மேல் நூறு பிரதி அடித்தால் அவை அலமாரியில் தங்கும். விளம்பரமும் அப்படித்தான். கடைக்காரர் வாயால் சொன்னது வருமானம் ஆகாது. அளவு, விலை, பணம் தரும் நாள் மூன்றும் எழுதி, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வகுப்பு விட்டுப்போன மலர்க் கடனை அடுத்த வகுப்பு தீர்த்த பள்ளிகள் ஏராளம்.

பணமே இல்லாத பள்ளிகள் பத்திரிகையை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் போல மிமியோகிராஃபில் ஓட்டின. அங்கே தட்டச்சு வகுப்புதான் அச்சகம்.

உங்கள் காலத்துக்குத் தோதான ஒரு விவரமும் சொல்கிறேன். பள்ளிப் பத்திரிகைகளை மதிப்பிட்டுத் தரவரிசை தரும் கொலம்பியா பள்ளிப் பத்திரிகைச் சங்கத்தின் முதல் மாநாடு 1925-இல். மாணவப் பத்திரிகையாளருக்கான ‘குவில் அண்ட் ஸ்க்ரோல்’ கழகத்தை ஜார்ஜ் காலப் அயோவாவில் தொடங்கியது 1926. ஆகவே 1924-இல் உங்கள் நாயகி இவற்றைப் பற்றிப் பேசக் கூடாது.

---

நாடகக்கொட்டகை:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைக்கிறது, மிக்க நன்றி. டிக்கெட் கணக்கை அப்படியே காட்சியாக்கப் போகிறேன். இரண்டு சந்தேகம். இறுதியாண்டு நாடக இரவுதான் என் உச்சக் காட்சி. மேடைக்குப் பின்னால் என்ன இருக்கும்? இரண்டாவது, பெண்கள் கூடைப்பந்து அணி பக்கத்து ஊருக்குப் போய் ஆடுவதாக ஒரு காட்சி வைத்திருக்கிறேன், ஆசிரியை துணைக்குப் போகிறார். சரியாக வருமா?

---

ஆடுகளம் பதில்:

கூடைப்பந்துக் காட்சியை எடுத்துவிடுங்கள், அல்லது ஊரை மாற்றுங்கள். பெண்கள் அணிகள் பள்ளிக்குப் பள்ளி போட்டியிடுவதை, உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் இல்லினாய் மாநிலச் சங்கம் 1907-இலேயே தடை செய்துவிட்டது. அயோவா நேர்மாறு; 1920 முதல் பெண்களுக்கு மாநிலப் போட்டியே நடந்தது. 1925-இல் அங்கும் நிறுத்தப் பார்த்தார்கள். சிற்றூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள் ஒத்துக்கொள்ளாமல் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் அமைத்துத் தொடர்ந்தார்கள். 1923-இல் லூ ஹென்றி ஹூவர் (பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி) தலைமையில் தேசிய அளவில் ஒரு மகளிர் பிரிவு உருவாகி, பெண்களுக்குப் போட்டி அணிகளுக்குப் பதில் ‘ப்ளே டே’ வேண்டும் என்றது. பல பள்ளிப் பெண்களையும் கலந்து அணி பிரித்து ஆடவைக்கும் நாள் அது. 1924 இல்லினாயில் உங்கள் ஆசிரியைக்கு இருக்கக்கூடியது பள்ளிக்குள் வகுப்புக்கு வகுப்பு ஆட்டம் மட்டுமே.

பையன்கள் ஆட்டத்தில் அவருக்கு ஒரு வேலை உண்டு. அதில் ஒரு நல்ல மோதல் கிடைக்கும். ஆட்டத்துக்கு முன் தகுதிப் பட்டியல் தயாராக வேண்டும். மாநிலச் சங்கங்களின் விதிகள் பெரும்பாலும் ஒன்றுபோல: வயது வரம்புக்குள் இருக்க வேண்டும், காசுக்கு ஆடியிருக்கக் கூடாது, எட்டு அரையாண்டுக்கு மேல் ஆடக் கூடாது, அந்த நேரத்தில் மூன்று முழுப் பாடங்களிலாவது தேறிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்காக ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் சீட்டு போகும். பையன் லத்தீனில் தேறவில்லை என்று உங்கள் நாயகி எழுதினால், சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் இல்லை. பட்டியலில் தலைமையாசிரியர் கையெழுத்திட்டு எதிர்ப் பள்ளிக்கு அனுப்புவார். பொய்யாகச் சான்று கொடுத்தது பின்னால் தெரிந்தால் வென்ற ஆட்டம் பறிபோகும். பள்ளியையே சங்கத்திலிருந்து நிறுத்திவைக்கலாம். ஊரே சேர்ந்து ஒரு ஆசிரியை மேல் எவ்வளவு அழுத்தம் கொடுத்திருக்கும் என்று யோசியுங்கள்.

இங்கே ஒரு மெட்ராஸ் தொடர்பும் இருக்கிறது. கூடைப்பந்து பிறந்தது 1891-இல், மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே நிறுவனத்தில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் மெட்ராஸில் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் வரத் தொடங்கியது அங்கிருந்துதான்.

---

பின்மேடை பதில்:

நாடக இரவு. நான் ஒளியமைப்புக்காரன், அதனால் இது நீளமாகத்தான் இருக்கும்.

தயாரிப்பு ஐந்தாறு வாரம், பள்ளி விட்டதும் ஒத்திகை. நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ராயல்டி, அதாவது மேடையேற்றும் உரிமைக்கான கட்டணம், பார்க்க வேண்டும். பெயர் பெற்ற முழுநீள நாடகங்களுக்கு ஒருமுறை மேடையேற்ற 25 டாலர் அளவில் கேட்டார்கள். ராயல்டி இல்லாத நாடகங்களும் பட்டியலில் உண்டு, தரம் அப்படியிப்படி. 35 சென்ட் டிக்கெட்டில் 25 டாலர் என்றால் 72 டிக்கெட் அதற்கே போய்விடும். அதற்கு மேல்தான் உடை வாடகை, ஒப்பனை, அறிவிப்பு அச்சு. அரங்கம் பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடமேதான். எனவே கூடைப்பந்துப் பயிற்சி முடியாமல் மேடை கிடைக்காது. நாற்காலியும் அன்று மாலைதான் போட முடியும்.

விளக்குகளை மங்கச் செய்யும் டிம்மர் வாங்கப் பள்ளிக்கு வசதி இருக்காது. உப்புத்தண்ணீர் டிம்மரை அவர்களே செய்துகொள்வார்கள். பீங்கான் ஜாடியில் தண்ணீர். அடியில் ஒரு உலோகத் தட்டு, மேலே கயிறும் கப்பியும் கட்டிய இன்னொரு தட்டு. விளக்கு வரிசையின் ஒரு கம்பி இந்த ஜாடி வழியாகப் போகும். மேல்தட்டை இறக்க இறக்க வெளிச்சம் கூடும், தூக்கினால் மங்கும். வெறும் தண்ணீரில் தொடங்கி, உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கி, தட்டுகள் நெருங்கும்போது விளக்கு ஏறக்குறைய முழு வெளிச்சத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். உப்பு கூடிவிட்டால் தட்டு தண்ணீரைத் தொட்டவுடனே விளக்கு பளிச்சென்று எரியும், மங்கலாக நிறுத்தவே முடியாது. ஓட ஓடத் தண்ணீர் சூடாகி ஆவி கிளம்பும். சூடான தண்ணீர் இன்னும் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால் முதல் அங்கத்தில் குறித்துவைத்த கயிற்றின் அடையாளம் மூன்றாம் அங்கத்தில் பொருந்தாது. ஜாடிக்குப் பதில் இரும்பு வாளி வைத்தால் வாளியே மின்சாரம் பாய்ந்து நிற்கும்; ஈரத் தரையில் நிற்கும் பையன் தொட்டால் உயிர் போகும். இதைப் பார்த்துக்கொள்வது இயற்பியல் ஆசிரியர், அவர் இல்லாவிட்டால் அவருடைய மாணவர்.

நெருப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1903 டிசம்பரில் சிகாகோ இராக்குவா அரங்கத் தீயில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இல்லினாயில் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது 1923 மே 17: தென் கரோலினா காம்டன் அருகே ஒரு கிராமப் பள்ளியின் மாடியில் ஆண்டு முடிவு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, மேடைப் பக்கம் தொங்கிய எண்ணெய் விளக்கு விழுந்து தீப்பிடித்தது. இறங்க ஒரே குறுகிய படிக்கட்டு. 77 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஓக்லஹோமா பாப்ஸ் ஸ்விட்ச் பள்ளியில் கிறிஸ்துமஸ் மரத்தில் ஏற்றிய மெழுகுவத்தி பிடித்து 36 பேர். சன்னல்களில் வெளியிலிருந்து கம்பிவலை அடித்திருந்ததால் அந்த வழியும் அடைபட்டது.

இது உங்கள் நாடக இரவுக்குப் பின்னால் நடந்தது. ஆனால் முதல் இரண்டு தீயையும் அறிந்திருப்பதால், 1924 வசந்தத்தில் நாடகம் போடும் ஆசிரியை, ஒப்பனை அறையில் எண்ணெய் விளக்கு வைக்க விடமாட்டார். நாற்காலி வரிசைக்கு நடுவே வழி விட்டிருக்கிறதா என்று நடந்து பார்ப்பார். திரை தூக்குமுன் எல்லாக் கதவுப் பூட்டுகளையும் தானே திறந்து பார்ப்பார். டிக்கெட் வாங்காமல் பின்கதவால் நுழைகிறார்கள் என்று வாசலில் நிற்கும் பையன் அந்தக் கதவைப் பூட்டியிருப்பான். இது அன்று எல்லாப் பள்ளியிலும் நடந்த இழுபறி.

---

நாடகக்கொட்டகை:

பூட்டிய பின்கதவு! முதல் அங்கத்திலேயே அதைக் கொண்டுவர வேண்டும். கூடைப்பந்தை எடுத்துவிட்டு லத்தீன் மதிப்பெண் சீட்டை வைக்கிறேன். சம்பளம் பற்றி யாராவது?

---

பழைய ரிஜிஸ்டர் பதில்:

அதையும் முடித்துவிடுகிறேன். பொதுவாகத் தனிப்படி கிடையாது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே ‘என்னென்ன நடவடிக்கைகளை நடத்த முடியும்’ என்ற கேள்வி இருக்கும். ‘ஆங்கிலம், லத்தீன், நாடகம்’ என்று நியமனம் வரும். ஆண்டுச் சம்பளத்தில் எல்லாம் அடக்கம். ஆண் பயிற்சியாளருக்கு மட்டும் அந்த வேலையைக் காட்டியே கூடுதல் சம்பளத்தில் ஒப்பந்தம் போட்டார்கள். நாடகத்துக்கும் மலருக்கும் அப்படி இல்லை. நியூயார்க் நகர ஆசிரியைகள் சம ஊதியச் சட்டத்தைப் போராடி வாங்கியது 1911-இல். சிற்றூர்களில் அந்தப் பேச்சே எழவில்லை. இதை நியாயமற்றது என்றே நான் சொல்வேன். ஆறு வாரம் மாலை ஏழு மணி வரை நிற்பவருக்கு ஒன்றுமில்லை. பந்து அணியோடு நிற்பவருக்கு உண்டு.

பள்ளிகளுக்கு அங்கீகாரம் தந்த வட மத்திய சங்கம், ஒரு ஆசிரியருக்கு நாளைக்கு ஐந்து பாடவேளைதான் தகும், ஆறைத் தாண்டக் கூடாது என்றது. அது எண்ணியது பாடவேளையை மட்டும். சங்க வேலை அந்தக் கணக்கில் வராது. 1920களின் கடைசியில் ஹார்ல் டக்ளஸ் என்பவர் ஆசிரியர் சுமையை அளக்க ஒரு சூத்திரம் வகுத்தார். எத்தனை வகுப்பு, ஒரே பாடம் எத்தனை முறை திரும்புகிறது, எத்தனை பிள்ளைகள், பாடவேளை எத்தனை நிமிடம் என்பவற்றோடு, சங்கப் பொறுப்பு, மேற்பார்வை போன்றவற்றில் போன நேரத்தையும் சேர்த்தார். வகுப்பு நேரத்தைவிடக் குறைந்த எடைதான் கொடுத்தார். இருந்தாலும் அந்த மணிநேரங்கள் ஒரு எண்ணாகக் காகிதத்தில் ஏறின.

வேறு வழியும் ஒன்று இருந்தது: வெளிவேலை பாடமாகவே மாறிவிடுவது. உங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஜோலியட் பள்ளியில் தச்சு, கைத்தொழில் கற்பித்த ஏ. ஆர். மெக்கலிஸ்டர் 1912-இல் ஒரு பாண்டு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். அது 1926, 1927, 1928 மூன்று ஆண்டும் தேசியப் போட்டியில் வென்றது. பாண்டு வாத்தியம் பல பள்ளிகளில் கால அட்டவணைக்குள் வந்து, அதற்கென்று சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் வந்தது இந்த ஆண்டுகளில்தான். லத்தீன் சங்கத்துக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

உங்கள் நாடகத்துக்கு ஒரு யோசனை. விவாதக் குழுவையும் அவர் கையில் கொடுங்கள். விஸ்கான்சின், டெக்சாஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒரு தலைப்பில் இரு பக்க வாதங்களுக்கும் வேண்டிய துண்டுப் பிரசுரங்களையும் கட்டுரைகளையும் கட்டாகக் கட்டி, பள்ளிகளுக்குத் தபாலில் இரவல் அனுப்பின. குறித்த தேதிக்குள் கட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். நாடக வாரத்தில் அந்தத் தேதியும் வந்து விழுந்தால், தபால் நிலையம் மூடுமுன் ஓட வேண்டியவர் அவர்தான்.